அலகில் சிவப்புப் புள்ளி

– இல்லண்ணே, படம் வரைஞ்ச புத்தகத்துல அலகு நல்லாத் தெரியுது. போட்டோ போட்ட புத்தகத்துல இறக்கை நல்லாத் தெரியுது. அதான் முழிக்கிறேன்.

– மாதவா, கடைக்காரன் ரெண்டு வாட்டி ஷட்டரப் பாத்துட்டான்பா. கம்பெனில ஒரு நிமிசத்துல பத்து பீஸ ரிஜெக்ட் பண்ற. இங்க ரெண்டுல ஒண்ண எடுக்க முடியல. அதுவும் ஓசூர்ல, கடல்காக்கா புத்தகம்.

– வலசை வரும்போது ஏரியிலயும் இறங்கும்ணே. நம்ம கம்பெனிக்குப் பின்னாடி ஏரியில திங்கள்லருந்து ஒண்ணு இருக்கு.

– இருந்துட்டுப் போவுது. இன்னிக்கே என்னா அவசரம்?

– பிரவுசிங் சென்டர்ல உக்காந்து பெங்களூரு பறவை கிளப்புக்கு மெயில் போட்டுட்டேன். நாளைக்குக் காலையில பதினோரு பேர் வேன்ல வர்றாங்க. என்னைச் சேத்துக்கறதா வேணாமான்னு அப்பத்தான் முடிவாம். பறவை பேரு கேட்டா என்னத்தச் சொல்ல? ஈவினிங் கிளாசுக்குக்கூட மட்டம் போட்டுட்டேன்.

– டைரில எழுதியிருப்பியே, படி. எந்தப் புத்தகம்னு நான் சொல்றன்.

– திங்கள், அஞ்சு நாப்பது. வெள்ளை உடம்பு. நீளம் அறுபது சென்டிமீட்டர், கூடக்குறைய ரெண்டு. செவ்வாய், அதே இடம். புதன், அதே இடம், காத்துக்கு லேசாத் திரும்புச்சு. இன்னி வரைக்கும் பறக்கல. அமைதியான சுபாவம்னு எழுதியிருக்கேன்.

– மீன் ஏதாச்சும் புடிச்சுதா?

– இல்லண்ணே. என் கவனிப்புலதான் குறைன்னு அடியில எழுதி, கையெழுத்தும் போட்டிருக்கேன்.

– எதுல பாத்தப்பா நீ?

– பொருட்காட்சியில வாங்குன பைனாகுலர். ஒரு கண்ணுலதான் தெரியும். ஆனா அலகு நுனியில சிவப்புப் புள்ளி பளிச்சுனு தெரிஞ்சுது. பெரிய கடல்காகத்துக்குத்தான் அது உண்டு. ரெண்டு புத்தகமும் ஒத்துப்போறது அந்த ஒரு விசயத்துலதான்.

– புள்ளி எம்மாம் பெருசு?

– ஒத்த ரூபா காசளவு.

– வட்டமா?

– அச்சு வட்டம்ணே.

– ரெண்டு புத்தகத்தையும் கீழ வை. போன ஞாயித்துக்கெழம நம்ம பேக்கிங் செக்ஷன்ல ஒடஞ்ச தெர்மாகோல எல்லாம் ஏரிக்கரையில கொட்டச் சொன்னாங்க. நான்தான் கொட்டுனன். ஒண்ணு மட்டும் காத்துல தண்ணிக்குப் போயிடுச்சு.

– அதுக்கென்னண்ணே?

– அதுல மூக்காட்டம் நீட்டிக்கினு இருந்த மூலைல, ரிஜெக்ட்டுன்னு செவப்பு முத்திரை குத்துனது நீதான்பா.