ஐஸில் வந்த ரத்தம்

— அப்போ ட்ரிப்பைக் கழட்டிடலாம்னு டாக்டருக்கு ஒரு போன் போட்டுச் சொல்லிடுங்க அண்ணி. பாப்பாவுக்கு யூரிக் ஆசிட் இவ்வளவு இறங்கிடுச்சே!

— இருங்க தம்பி. இத்தனை வருஷம் இந்த லேப்ல குப்பை கொட்டியிருக்கேன். எனக்கு இந்த நம்பர் சரியாப் படல.

— நல்ல சேதி வந்தாலும் சந்தேகமா? நீங்க டீயைக்கூட டெஸ்ட் பண்ணிட்டுத்தான் குடிப்பீங்கன்னு அண்ணன் சும்மாவா சொல்றான்.

— கிண்டல் அப்புறம். அவளுக்குக் கிட்னி உப்பு இறங்கவே இல்ல. ஒண்ணுக்கும் சரியாப் போகல. இது மட்டும் எப்படித் தரையில கிடக்கு?

— நேத்து அந்தப் புது ஊசி போட்டாங்கல்ல, அது கேட்டிருக்கும்.

— அந்த ஊசியில இருக்கறது யூரிகேஸ்ங்கிற என்சைம். நாய், பூனை, எலிக்கெல்லாம் பொறவியிலேயே இருக்கு. யூரிக் ஆசிட்டை உடைச்சுப் போட்டுடும். மனுஷங்களுக்குத்தான் எந்தக் காலத்துலயோ கைவிட்டுப் போச்சு. கேன்சர் மருந்துல செல்லுங்க கொத்துக் கொத்தா சாகும்போது அந்த ஆசிட் கிட்னியை அடைச்சிடும். அதான் இவளுக்கு வெளியிலேருந்து ஏத்துறாங்க.

— எலிக்கு இருக்கு, என் பொண்ணுக்கு இல்ல. நல்லா இருக்கு நியாயம்.

— எனக்கும் இல்ல, உங்களுக்கும் இல்ல. சரி, இன்னொரு தடவை ரத்தம் எடுக்கச் சொல்லணும்.

— வேணாம் அண்ணி. அவ கையில குத்த இடமே இல்ல. காலையில ஊசியைப் பார்த்ததும் அழக்கூட இல்ல, சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துட்டா. என்னால தாங்க முடியல.

— எனக்கு மட்டும் தாங்குதா? ஆனா இதை நம்பி, ஆசிட்டைக் கழுவி வெளியேத்துற ட்ரிப்பை நிறுத்திட்டா அவ கிட்னி போயிடும் தம்பி.

— அது அவ ரத்தம்தானே? நர்ஸ் என் கையிலதானே குடுத்தனுப்பினாங்க.

— அவ ரத்தம்தான். ஆனா அந்த என்சைமுக்கு உடம்பு எது, டெஸ்ட்டுக்கு ரத்தம் எடுத்த குழாய் எதுன்னு தெரியாது. குழாய்க்குள்ளயும் அது பாட்டுக்கு ஆசிட்டைத் தின்னுக்கிட்டே இருக்கும். சூடு பட்டா இன்னும் வேகமா தின்னும். உடம்புல எவ்வளவு இருந்தாலும் இங்க ஒண்ணும் இல்லாத மாதிரி காட்டும். அதை அடக்கி வைக்கத்தான் ஐஸ் டப்பாவுல போட்டுக் குடுத்தனுப்புறது. டப்பா நெறைய ஐஸ் இருந்துச்சு, ஆனா குழாயைத் தொட்டா சில்லுனு இல்ல. அதுதான் எனக்குப் புரியல... ஏன் தம்பி, முகம் இப்படி ஆயிடுச்சு? உக்காருங்க.

— லிஃப்ட் வரவே இல்ல அண்ணி. நிக்கிற நேரத்துல டப்பாவைத் திறந்து பார்த்தேன். கவுன்ட்டர் வந்தப்புறம்தான் குழாயைத் திரும்ப உள்ள வெச்சேன். எம் பொண்ணு ரத்தம் ஐஸ்ல கிடந்து வெறைக்குதேன்னு மனசு கேக்கல... வழி பூரா உள்ளங்கைக்குள்ளயே பொத்தி வெச்சிருந்தேன்.