எதிர்த்தரப்பு வரவில்லை

இல்லம்மா, கையெழுத்துப் போட மாட்டேன். பேனா இருக்கு. பேனா இல்லாததால ஒண்ணும் போடாம இல்ல.

ஜெயிச்சது நான்தான், புரியுது. எதிர்த்தரப்பு மூணு வாய்தாவுக்கும் வரல. அதனால ஜோடிங்கிற பேரு என் ஷூ கடைக்கு மட்டும்தான் சொந்தம், அந்த ஆளு போர்டைக் கழட்டணும். அதானே? ரெண்டு தடவை படிச்சுக் காட்டிட்டீங்க. காது நல்லாத்தான் கேக்குது.

மனு குடுத்தது நான்தான். இல்லேன்னு சொன்னேனா?

ஒரு வாத்தியார் ஷூவைத் தூக்கிட்டு வந்தாரு. வலது குதிகால்ல கடிக்குதாம். உள்ள பாத்தா ஜோடின்னு எங்க முத்திரை. நான் தைச்சதில்ல. என் தையல் எனக்குத் தெரியாதா? எவன்டா என் பேரைப் போட்டு விக்கிறான்னு கைய உள்ள விட்டுப் பாத்தேன். வலது சுமார். சுமார்னு சொல்றதே ஜாஸ்தி. இடது வழவழன்னு இருக்கு. ஒரு முடிச்சு கூட விரல்ல தட்டல.

யாருன்னு தெரிஞ்சுபோச்சு.

எப்படின்னா, எங்க கடையில முன்னாடி ரெண்டு பேரு. வலது கால் நான், இடது கால் அவன். சிரிங்க, பரவாயில்ல, எல்லாரும்தான் சிரிச்சாங்க. ஒரே காலைத் தைச்சா கை அதுலயே பழகும்னு அவன்தான் சொன்னான். இருபத்தாறு வருஷம் நான் ஒரு இடது ஷூ கூட தைச்சதில்ல. இப்ப தைக்கிறேன், பாக்கச் சகிக்காது. கடைக்கு ஜோடின்னு பேரு வெச்சதும் அவன்தான்.

ஆமா, அவன்தான். மனுவுல இல்ல. நீங்க கேக்கல, நான் எழுதல.

ஏன் போனானா? ஒரு வக்கீல் வந்து, ஷூ கடிக்குதுன்னு கத்தினாரு. கடை நிறைய ஆளு. நான் அதைக் கையில கூட வாங்கல. இவன் தைச்ச காலாத்தான் இருக்கும், இவனுக்கு வேலையில கவனமே இல்லன்னுட்டேன். அவன் ஊசியைத் துடைச்சு டப்பாவுல வெச்சான், செருப்பை மாட்டிட்டுப் போயிட்டான். அப்புறம்தான் எடுத்துப் பாத்தேன். கடிச்சது வலது.

போய்ச் சொல்லியிருக்கலாம். இன்னைக்கு, நாளைக்குன்னு ஒம்போது வருஷம் ஓடிப்போச்சு. அப்புறம் என்ன மூஞ்சியை வெச்சுக்கிட்டுப் போறது?

பேரு மேல ஆசைப்பட்டு மனு போடலம்மா. பேரை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்? நோட்டீஸ் போனா வந்துதானே ஆகணும். இந்த பெஞ்சுக்கு. வந்தா திட்டுவான், நானும் திட்டுவேன், அப்படியே ஆரம்பிச்சுக்கலாம்னு நெனச்சேன். மூணு வாய்தாவுக்கும் சட்டைக்கு இஸ்திரி போட்டுட்டு வந்தேன்.

இந்தப் பையில என்னவா? அந்த வக்கீல் ஷூதான். புதுசு தைச்சுக் குடுத்துட்டு இதை நான் வெச்சுக்கிட்டேன். வலது மட்டும். அவன்ட்ட காட்டலாம்னு.

அதனால வரலன்னு எழுதாதீங்க. கடைசி நோட்டீஸை மனுதாரரே தபால்ல அனுப்பணும்னு சொன்னீங்கல்ல, அனுப்பினேன். நேத்து திரும்பி வந்துடுச்சு. இந்தாங்க கவர். மேல தபால்காரர் எழுதியிருக்காரு பாருங்க, செவப்பு மையில. எனக்குக் கண்ணாடி இல்லாமலே தெரியுது.

ம். பெறுநர் இறந்துவிட்டார்.

எனக்குச் சொந்தமான்னா கேக்குறீங்க? தம்பிம்மா. கூடப் பொறந்தவன். வீட்டுல ஒருத்தரும் எனக்குச் சொல்லியனுப்பல. எப்படி அனுப்புவாங்க, அவங்களுக்கு எதிர்த்தரப்பு நான்தானே.

போர்டு அங்கயே இருக்கட்டும். மனுவை வாபஸ் வாங்க எந்தக் காகிதம்? அதைக் குடுங்க, போடுறேன்.