பாப்பாவ எழுப்புங்க மிஸ்

இல்ல மிஸ், உக்காரல. பாப்பாவ எழுப்பிடுங்க, கூட்டிட்டுப் போறேன். தூங்குற நேரம்னு தெரியும். பரவால்ல, எழுப்புங்க.

ஐயோ, யாருக்கும் ஒண்ணும் ஆகல. உங்கமேல எனக்கு என்ன கோவம்? போன மாசம் அந்தப் பையன் கன்னத்துல இவ பல்லு பதிஞ்சு, அவங்கம்மா வாசல்ல நின்னு அந்தக் கத்து கத்தினாங்களே, வேற கிரெச்சா இருந்தா அன்னிக்கே இவ பையத் தூக்கி என் கையில குடுத்திருப்பாங்க. நீங்கதான் இன்னும் கொஞ்ச நாள் பாப்போம்னீங்க. இல்லேன்னா என் வேலை போயிருக்கும். அவரு லோடு கிடைக்காதான்னு பகல் பூரா லாரி ஸ்டாண்டுல காத்துக் கிடக்குறாரு. நான் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்துல ரெண்டு ஷிப்ட் பாக்கப் போய்த்தான் வீட்டுல அடுப்பெரியுது.

அப்பல்லாம் காலைல விட வந்தா, என் முடியப் பிடிச்சுக்குவாளே, ஞாபகம் இருக்கா? நீங்க ஒரு பக்கம் இழுக்க, நான் ஒரு பக்கம் இழுக்க... பஸ் ஏறி உக்காந்தப்புறமும் மண்டை விண்ணு விண்ணுன்னு தெறிக்கும்.

ஆமா, இப்ப கடிக்கிறதில்ல. என்னைத் திரும்பிக்கூடப் பாக்காம உள்ள போயிடுறா. தங்கமா மாறிட்டான்னு நீங்களும் சொல்றீங்க, அவங்கப்பாவும் சொல்றாரு. நானும், அப்பாடா, புள்ளைக்குப் புத்தி வந்துடுச்சுன்னுதான் நினைச்சேன்.

இல்ல, பாப்பாவ இங்கேர்ந்து நிறுத்தப் போறதில்ல. ஆனா இனிமே மத்தியானமே வந்துடுவேன். ஒரு ஷிப்ட் போதும்னு காலைல சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன். சம்பளம் பாதியாயிடும்தான். வாடகைய யாரு கட்டுவான்னு அவரு போன்ல குதிக்கிறாரு. நீயாச்சு உன் புள்ளையாச்சுன்னு கட் பண்ணிட்டாரு. வரட்டும், வந்தா பேசிக்கலாம். என்ன பேசுறதுன்னுதான் தெரியல.

திடீர்னு எல்லாம் இல்ல மிஸ். நேத்து எனக்கு லீவு. மத்த நாள்ல அவருதான வந்து கூட்டிட்டுப் போறாரு, நான் வீடு சேர்றப்ப இவ தூங்கிட்டிருப்பா. நேத்து முழுக்க கூடவே இருந்தேன். தலை வாரி விட்டேன், மடியில வச்சு ஊட்டினேன். அடம் இல்ல, அழுகை இல்ல. சொன்ன இடத்துல உக்காந்தா.

சாயங்காலம் லைட்டப் போட்டேன். இவ எந்திரிச்சுப் போயி என் செருப்ப ரெண்டு கையிலயும் தூக்கிட்டு வந்தா. என் காலடியில ஜோடியா வச்சா.

இருட்டிடுச்சும்மா, நீங்க உங்க வீட்டுக்குப் போகலையான்னு கேட்டா மிஸ்.