மாலை போட்ட அத்தை

கும்மிடிப்பூண்டியில் ஷிஃப்ட் முடிந்து ரயிலேறிய இருவர் என் எதிரில் உட்கார்ந்தார்கள். மூத்தவர் செல்போனை மடியில் போட்டார்.

“மூணு நிமிஷ காமெடி வீடியோல உங்க அத்தைய ஏன்டா சாவடிச்சே? அதையே இப்ப நூறு எபிசோடு சீரியலா கேக்குறான் சேனல்காரன்!”

“எனக்கு இன்னாண்ணா தெரியும்? சிரிப்புக்குன்னுதான் போட்டோக்கு மாலை போட்டேன்.”

“ஜனம் சிரிக்கிறதே அவங்க பேச்சுக்குத்தான். மறுபடியும் நடிக்கக் கூப்புடு.”

“கூப்ட்டேண்ணா. ஆனா வீடியோவ நெசம்னு நெனச்சிக்கினு, ஊத்துக்கோட்டை சொந்தக்காரங்க துக்கம் கேக்க வந்துட்டாங்க. கதவத் தொறந்ததே அத்தைதான்.”

“ஐயையோ! இப்ப அத்தை இன்னா சொல்றாங்க?”

“‘பதினாறாம் நாள் காரியங்கூட முடியல, அதுக்குள்ள செத்தவள நடிக்கக் கூப்புடறியாடா?’ன்னு கதவ சாத்திட்டாங்கண்ணா.”