பால்கனி வாசலில் சுவர்ப் பக்கம் திருப்பிய திரை

நான் கம்ப்யூட்டர் பழுது பார்ப்பவரின் மகள். வீட்டில் சிட்டு என்பார்கள். வயது பதிமூன்று. அப்பாவின் கடைக்கு மேல் மாடியில் குடியிருக்கிறோம். சனிக்கிழமை அரங்கத்தில் பால்கனித் தடுப்பு உடைந்த விஷயமாக என் அப்பாவைப் பிடித்து வைத்திருக்கிறீர்கள். என்னை யாரும் விசாரிக்கவில்லை, ஆகவே நானாகவே எழுதுகிறேன். விளக்கைப் போட்டால் தெரிந்துவிடும் என்று போர்வைக்குள் டார்ச் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளவும்.

மேஜிக் நிகழ்ச்சிக்கு டிக்கெட் வேலையை அப்பா எடுத்தார். மூடிவிட்ட சூப்பர் மார்க்கெட்டிலிருந்து பழைய பார்கோடு ஸ்கேனர்கள் இரண்டை மலிவாக வாங்கி வந்து, ஒவ்வொன்றையும் ஒரு லேப்டாப்பில் இணைத்து, புரோகிராமைத் தானே எழுதினார். டிக்கெட் நம்பர்களை நான் டைப் செய்தேன். அதன் பிறகு வீட்டில் சோதித்தபோது, அப்பாவின் தம்பியான என் சித்தப்பா ஸ்கேனரைப் பிடுங்கிக்கொண்டு சோப்பு, பிஸ்கட் என்று கண்டதன் மேலெல்லாம் காட்டினார். எல்லாவற்றுக்கும் அது பீப் என்றது.

"பாருண்ணே, இருமல் மருந்துக்கும் சீட்டு கெடச்சிருச்சு" என்று சிரித்தார்.

அது பார்கோடைப் படித்துவிட்டேன் என்று மெஷின் சொல்லும் சத்தம்தான், உள்ளே விடலாமா என்பதைத் திரையில்தான் பார்க்க வேண்டும், பச்சை வந்தால் விடு, சிவப்பு வந்தால் நிறுத்து என்று அப்பா அவருக்குச் சொன்னார். அம்மாவும் நானும் பக்கத்திலேயே இருந்தோம்.

அதன் பிறகு சனிக்கிழமை அப்பா கீழ்வாசலிலும் சித்தப்பா பால்கனி வாசலிலும் நின்றார்கள். சித்தப்பாவுக்கு உதவியாக நான் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தேன். முதலில் பச்சையாகவே வந்தது. அதன் பிறகு ஒரே நம்பர் திரும்பத் திரும்ப வந்து திரை சிவந்தது. எல்லாம் ஜெராக்ஸ் என்று தாளைத் தொட்டாலே தெரிந்தது. வந்தவர்களில் ஒருவர் சித்தப்பாவிடம், நேற்று உங்களிடம்தானே வாங்கினோம் என்று சொன்னார். நான் சித்தப்பாவின் சட்டையை இழுத்துத் திரையைக் காட்டினேன். அவர் லேப்டாப்பைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்துவிட்டு, "சத்தம் வந்துச்சுல்ல? பேசாம உக்காரு" என்றார். அதன் பிறகு வந்தவர்கள் எல்லோரும் பீப் சத்தம் கேட்டு உள்ளே போனார்கள்.

அதன் பிறகு கூட்டம் தாங்காமல் தடுப்பு உடைந்தது. விழுந்தவர்களில் வகுப்பில் என் பக்கத்தில் உட்காரும் தையல்காரர் மகளும் ஒருத்தி. அவளுடையது அசல் டிக்கெட், பச்சை வந்தது. இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. ஸ்ட்ரெச்சரில் போகும்போது, திங்கட்கிழமை கணக்குப் பரீட்சை உண்டா என்று என்னிடம் கேட்டாள்.

அதன் பிறகு நீங்கள் வந்தீர்கள். சித்தப்பா, "பீப்னு கேட்டுச்சு சார், விட்டேன். மெஷினைப் பத்தி எனக்கென்ன சார் தெரியும், அண்ணன் செஞ்சது" என்று அழுதார். அப்பா திரையைப் பற்றிச் சொன்னார். அந்த லேப்டாப் எங்கே என்று கேட்டீர்கள். கூட்டத்தில் தொலைந்துவிட்டது என்றார் சித்தப்பா. வீட்டுக்கு வந்ததும் என்னை மாடிப்படியில் நிறுத்தி, "நம்பரெல்லாம் டைப் பண்ணது நீதானே? வாயைத் தொறந்தா அப்பனும் மகளும் ஒண்ணா உள்ள இருக்கலாம்" என்றார். அதனால்தான் இதுவரை பேசவில்லை.

லேப்டாப் தொலையவில்லை. சாயங்காலம் சித்தப்பா குளிக்கப் போனபோது அவர் பையில் கைவிட்டுப் பார்த்தேன், துண்டில் சுற்றி அடியில் வைத்திருக்கிறார். சிவப்பு வந்த ஒவ்வொரு டிக்கெட்டும் அதில் பதிவாகியிருக்கும். பாஸ்வேர்டு அப்பாவுக்கும் எனக்கும்தான் தெரியும். விடியற்காலை பஸ்ஸில் அவர் ஊரைவிட்டுப் போகிறார். பையைத் தலைக்கு வைத்துப் படுத்திருப்பதால் எடுக்க முடியவில்லை.

ஆகவே அவர் அறைக்கு வெளியே தாழ்ப்பாள் போட்டு, கடைப் பூட்டையும் மாட்டிவிட்டேன். ஜன்னலில் கம்பி இருக்கிறது. அம்மாவிடம் சொல்லவில்லை, சொன்னால் பாவம் பார்த்துத் திறந்துவிடுவாள். சாவியை இந்தத் தாளோடு சேர்த்து நானே சைக்கிளில் கொண்டுவருகிறேன். அவர் எழுந்து கதவைத் தட்டும்போது வெளியே நின்று கேட்க முடியாதது ஒன்றுதான் எனக்குக் குறை. நீங்கள் திறக்கும்போது என்னையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும். அவருக்கு என்ன தண்டனை உண்டோ அதில் ஒரு நாள்கூடக் குறைக்க வேண்டாம்.

இதில் உள்ளது எல்லாம் நான் கண்ணால் கண்டதும் காதால் கேட்டதும். யாரும் சொல்லிக்கொடுத்து எழுதவில்லை. படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது.

(ஒப்பம்)
சிட்டு, எட்டாம் வகுப்பு