சுவர் வழியே நடந்தவன்

தண்ணீர்த் தொட்டி நிரம்பினாலும் தன் பேச்சு நிரம்பாத எங்கள் குடியிருப்புச் சங்கத் தலைவர் அவர்களே! அவர் இருமும்போதெல்லாம் தண்ணீரை நீட்டி, அந்தப் பேச்சையும் நீட்டிவிட்ட செயலாளர் அவர்களே! முழங்கால் வலியை முனகாமல் மாடியிறங்கி வந்திருக்கும் பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற ஐயத்தோடே அமர்ந்திருக்கும் அருமைத் தாய்மார்களே! அந்தத் தாய்மார்களுள் ஒருவராய், என்னைப் பெற்ற ஒரே குற்றத்துக்காக முந்தானையால் முகம் மறைத்திருக்கும் என் அம்மா அவர்களே! உங்கள் அனைவரையும், லிஃப்டில் ‘பழுது’ என்று பலகை மாட்டிய அதே கைகளைக் கூப்பி வணங்குகிறேன்.

என்ன மாமா? ஆமாம், நான்தான். நன்றாக ஓடிய லிஃப்டில்தான் மாட்டினேன். நீங்கள் மூச்சிரைக்க மாடியேறியதும் தெரியும். இளைத்திருக்கிறீர்கள் மாமா, எடுப்பாக இருக்கிறது!

எனக்கு இங்கே இட்ட பணி நன்றியுரை. நன்றி வரும். அதற்கு முன் ஒரு வழக்கு வருகிறது. முன்வரிசையில் நர்ஸம்மா அமர்ந்திருக்கிறார். இந்த அவையில் பாதிப் பேருக்கு ஊசி போட்டு, மீதிப் பேரை ஊசி காட்டி மிரட்டி, ஓய்வு பெற்றவர். எங்களுக்குப் பக்கத்து வீட்டில் தனியாக வாழ்பவர். அவர் அருகே இருப்பவர் அவருடைய மகள். நாளைக் காலை நர்ஸம்மாவின் வீட்டைக் காலி செய்து, அவரைத் தன்னோடு கூட்டிக்கொண்டு போகப்போகிறார். ஏன்? இல்லாத காலடிச் சத்தம் அம்மாவின் காதில் கேட்கிறதாம்!

அவையோரே, அந்தச் சத்தம் இருந்தது. அதை உண்டாக்கிய அறிவுக்கொழுந்து நான்! இதை மெய்ப்பிக்காமல் இந்த மேடையை விட்டு இறங்கமாட்டேன். தலைவரே, மணியைக் கீழே வையுங்கள்.

எங்கள் வீட்டுக்கு ஒரு ஹோம் தியேட்டர் வந்தது. அது வந்தது, எனக்கு வினை வந்தது. ஆள் வைத்து மாட்டலாம் என்றார் அப்பா. ஆளா? அடியேன் இருக்க ஆளா? ஒலியைப் பற்றி இயற்பியலில் நான் வாங்கிய மதிப்பெண்ணை ஒலி எழுப்பாமல் கடந்து செல்வோம். பெட்டியைத் திறந்தேன். ஐந்து ஸ்பீக்கர்கள். கூடவே, தரையில் உட்கார்ந்து உறுமுவதற்கென்றே பிறந்த உருண்டை அண்ணன், சப்வூஃபர். நடுவில் வைப்பது வசனம் பேசும். இருபக்கமும் நிற்பவை பாட்டுப் பாடும். பின்னால் இருக்கும் இரண்டுக்கும் மழை, காற்று, கதவு, காலடி ஆகியவைதாம் வேலை.

வசனம் பேசும் ஸ்பீக்கரை எங்கே வைத்தேன்? ஷோகேஸுக்குள், அம்மாவின் பீங்கான் கோப்பைகளுக்குப் பின்னால் வைத்தேன்! பின் ஸ்பீக்கர்களில் ஒன்றை எங்கே வைத்தேன்? சுவரில் இறுக்காதே, ஸ்டாண்டில் நிறுத்து என்று எழுதியிருந்த தாளைக் கப்பலாக மடித்துவிட்டு, சோபாவுக்குப் பின்சுவரில் துளையிட்டு, திருகாணியை முறுக்கு முறுக்கென்று முறுக்கி, சுவரின் உடன்பிறப்பாகவே ஒட்டவைத்தேன்!

முதல் படம் ஓடியது. அப்பா சொன்னார்: “என்னடா இது, படம் பாக்குறோமா, மழைல நனையுறோமா? அவன் பேசுறது கெணத்துக்குள்ளேருந்து வர்ற மாதிரி இருக்கு.”

“சரவுண்டுன்னா இப்படித்தாம்ப்பா இருக்கும்.”

அம்மா பாதியில் எழுந்தார். “முதுகுப் பக்கம் யாரோ நடக்குறாங்க. ஆளை விடுப்பா, எனக்கு அடுப்புல வேலை கெடக்கு.”

அம்மா பயந்துவிட்டார்! ஆகா, இதைவிட வெற்றி உண்டா? நான் என்ன செய்தேன்? பின் ஸ்பீக்கரின் சத்தத்தை இன்னும் கூட்டினேன்.

அந்தச் சுவருக்கு அப்பால் என்ன இருக்கிறது என்று யோசித்தேனா? யோசிப்பவனை ஏன் வீட்டில் எல்லோரும் ‘வெடி’ என்று கூப்பிடப்போகிறார்கள்? அப்பால் இருந்தது நர்ஸம்மாவின் படுக்கையறை! வசனம் அங்கே போகவில்லை. பாட்டு போகவில்லை. பின் ஸ்பீக்கர் உதறிய உதறலில் சுவரே ஸ்பீக்கராகி, காலடி மட்டும் கலங்காமல் போனது. எங்களுக்குப் படம்; அவருக்குப் பாதம்! என் தங்கைக்கு ஒரே ஒரு பேய்ப் படம்தான் பிடிக்கும். பள்ளி விட்டு வந்ததும் அதைத்தான் போடுவாள். அதில் காலை இழுத்து இழுத்து நடக்கும் காவலாளி ஒருவன், கைத்தடியோடு, மாலைதோறும் நர்ஸம்மாவின் கட்டிலைச் சுற்றி வந்தான். டொக்... சரக். டொக்... சரக்.

நர்ஸம்மா கட்டிலுக்கு அடியில் தேடினார். அலமாரியைத் திறந்து பார்த்தார். காது மருத்துவரிடம் போனார். காது கண்ணாடி போல் இருக்கிறது என்றார் மருத்துவர். காதில் பழுதில்லை என்றால் வேறு எங்கே பழுது? அந்தக் கேள்வியை நர்ஸம்மா யாரிடமும் கேட்கவில்லை. மகளிடம் மட்டும், குரலைத் தாழ்த்திக் கேட்டார். மகள் அட்டைப்பெட்டிகளோடு வந்து இறங்கினார்.

அந்தப் பெட்டிகளுக்கு டேப் ஒட்ட உதவிக்குப் போனவன் யார்? கேட்கவே வேண்டாம். பல்லால் டேப்பைக் கடித்துக் கடித்து ஒட்டினேன். மகள் வண்டிக்காரரோடு பேசக் கீழே போனார். அப்போது, படுக்கையறைச் சுவருக்குள்ளிருந்து... டொக். சரக்.

வீரன் என்ன செய்தான்? “ஐயோ, அம்மா!” என்று அலறி, அட்டைப்பெட்டிக்குள் தலையை விட்டான்! நான் மாட்டிய ஸ்பீக்கர், நான் முறுக்கிய திருகாணி, நான் கூட்டிய சத்தம். அதற்கே நான் பயந்தேன்!

நர்ஸம்மா என் முதுகைத் தொட்டார். “உனக்கும் கேக்குதா?” என்றார்.

சிரிக்காதீர்கள். அந்தக் குரலில் பயம் இல்லை. இத்தனை நாள் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டதுபோல் இருந்தது.

அதற்குள் ஓர் ஆந்தை கத்தியது. ஆந்தைக்குப் பிறகு கதவு கிறீச்சிடும், தங்கை புண்ணியத்தில் எனக்கு மனப்பாடம். கிறீச்சிட்டது! புரிந்தது! பாய்ந்தேன் வீட்டுக்கு. நான் இழுத்த வயரிலேயே நான் தடுக்கி விழ, ஸ்பீக்கர் பெயர்ந்து, சுவரின் சதையோடு என் மேல் விழுந்தது.

“இனிமே இந்த வீட்டுச் சுவத்துல ஒரு ஓட்டை விழுந்தா, அடுத்த ஓட்டை உன் மண்டைலதான்” என்றார் அப்பா.

ஸ்பீக்கரைக் கையில் ஏந்திக்கொண்டு நர்ஸம்மாவின் மகளிடம் ஓடினேன். “அக்கா, அந்தப் பேய் நான்தான்!”

“லிஃப்ட்ல போர்டு மாட்டுறப்ப நான் பாத்தேனே, அவன்தானே நீ? எங்கம்மா போகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் சேந்து நாடகம் போடுறீங்களா?”

நர்ஸம்மாவோ, “விடும்மா. என் மனசு நோகக் கூடாதுன்னு பிள்ளை ஏதோ சொல்றான்” என்றார்.

கையில் பிடித்து ஒலிக்கவிட்டுக் காட்டினேன். தகர டப்பாவில் எலி ஓடியதுபோல்தான் கேட்டது. அதற்குச் சுவர் வேண்டும்! எந்தச் சுவர் தருவார் அப்பா?

நெஞ்சறிந்து சொன்ன பொய்யையெல்லாம் நம்பினீர்கள். வாய் தவறி ஓர் உண்மை சொன்னேன், ஒருவரும் நம்பவில்லை! நான் திட்டமிட்ட குறும்புகள் எத்தனையோ புஸ்ஸாகிப் போயின. திட்டமே இல்லாமல் செய்ததோ, ஒரு பெண்மணியை வீட்டை விட்டே கிளப்பப் பார்க்கிறது. இதற்கு நான் பெருமைப்படுவதா, பெட்டிக்குள் மறுபடி தலையை விடுவதா?

இந்த மண்டபத்தின் பின்சுவரில் கடிகாரம் எங்கே என்று சிலர் வந்ததிலிருந்தே தேடுகிறீர்கள். தலைவர் உரை நீண்டதற்கு முழுப்பொறுப்பும் என்னுடையதே. கடிகாரத்தைக் கழற்றிய அந்தத் திருகாணியில் இப்போது இறுகி நிற்பது எங்கள் ஸ்பீக்கர். யாரும் திரும்பாதீர்கள். தங்கையே, போடு!

டொக்... சரக்...

திரும்பாதீர்கள் என்றேனே! செயலாளர் ஐயா, அது ஆந்தைதான், அமருங்கள். அக்கா, கேட்கிறதா? உங்களுக்கும் கேட்கிறதா? அம்மாவின் கையை ஏன் அப்படிப் பிடித்துக்கொண்டீர்கள்?

நர்ஸம்மா எழுந்துவிட்டார். மைக் எட்டாது, சொல்லுங்கள், நான் சொல்கிறேன். அவையோரே, அவர் சொல்வது இது: “இவனேதான். இத்தன நாளு கேக்காம கொள்ளாம என் வீட்டுல நடந்தவன். அந்தப் படத்தப் போடுங்க. அவன் மூஞ்சிய நான் பாக்கணும்.”

அக்கா, எங்கே கிளம்புகிறீர்கள்? கத்திரிக்கோல் எடுக்கவா? பெட்டி பிரிக்கவா? இருங்கள், நானும் வருகிறேன். ஒட்டிய பல் பிரிக்கவும் உதவும்!

பேச இடம் தந்த சங்கத்துக்கு நன்றி. பயந்து காட்டிய பெரியோர்களுக்கு நன்றி. நாளை மாலை எங்கள் வீட்டில் நடுச்சோபா நர்ஸம்மாவுக்கு. கோப்பைகளுக்குப் பின்னாலிருந்து வசனமும் வெளியே வந்துவிடும். சுவருக்கு மட்டும் ஓய்வு. அனைவருக்கும் என் வணக்கம்!

தங்கச்சி, போதும், நிறுத்து. தலைவர் இன்னும் காலைத் தூக்கி நாற்காலி மேல் வைத்திருக்கிறார்.