குளத்தில் ஒன்றுமில்லை என்றேன்

காஞ்சி மின்விளையாட்டு மன்றத்தின் தலைவரும், இன்றைய அவைக்குத் தலைமை தாங்கும் பெருந்தகையுமான கோதண்டபாணி அவர்களே! ஒலிவாங்கியைத் தருவதற்கு முன் பத்து நிமிடம் என்னைப் புகழ்ந்து, வாயடைக்க வைத்த செயலாளர் தங்கை சந்தியா அவர்களே! முன்வரிசையில் முழங்கால் வலியோடு அமர்ந்திருக்கும் மூத்தோரே! பிள்ளை கையிலிருந்து போனைப் பிடுங்கிவிட்டு, அடுக்களையில் நின்று தாமே மிட்டாய் உடைக்கும் ஆட்டம் ஆடும் தாய்மார்களே! கட்டைவிரல் தேயத் தேயக் களம் கண்ட இளைஞர் பட்டாளமே! உங்கள் எல்லோருக்கும் வீராசாமியின் பணிவான வணக்கம்.

இதோ, மேசைமேல் ஒரு பட்டுச் சால்வை மடித்து வைத்திருக்கிறார்கள். ‘விமர்சன வேந்தர்’ என்று பட்டம் பொறித்த கேடயமும் இருக்கிறது. ஆறு ஆண்டுகளாக யூடியூபில் நான் அலசிய முந்நூறு ஆட்டங்களுக்காக மன்றம் தர நினைக்கும் மரியாதை அது. அதைத் தொடுவதற்கு முன் நான் கொஞ்சம் பேச வேண்டும். பேசி முடித்த பிறகும் தரலாமா என்று நீங்களே சொல்லுங்கள்.

நான் என்ன பெரிதாகச் சொல்லிவிட்டேன்? நூறு பேர் தீவில் குதித்துச் சுட்டுக்கொள்ளும் ஆட்டத்தைப் பற்றிச் சொன்னேன். நிலத்தகராறில் முகம் பார்க்காத அண்ணன் தம்பி பிள்ளைகளை ஒரே அணியில் சேர்த்து, “மாமே, பின்னாடி பாரு” என்று கத்த வைத்தது அந்த ஆட்டம். அது அதன் நிறை. செத்து விழுகிறவனுக்குப் பெயர் இருக்கிறது, முகம் இல்லை. அது அதன் குறை. கார் பந்தய ஆட்டத்தைச் சொன்னேன். சாலை பளபளக்கிறது, சக்கரம் பறக்கிறது. ஆனால் குறுக்கே ஒரு மாடு உண்டா? திரும்பிப் பார்க்காமல் திரும்பும் ஒரு ஷேர் ஆட்டோ உண்டா? அங்கே ஓட்டிப் பழகியவன் நம் பேருந்து நிலையத்தைத் தாண்டுவானா?

அவைத்தலைவர் சிரிக்கிறார் பாருங்கள். ஐயா போன வாரம்தான் புது வண்டி வாங்கினார்!

விவசாய ஆட்டம் ஒன்று. விதைத்தால் விளைகிறது, அதுதான் அதன் அழகு. விதைத்தால் விளைந்தே தீர்கிறது, அதுதான் அதன் பொய்! வரப்பில் நின்று வானத்தைப் பார்த்தவர்கள் இந்த அவையில் பலர் இருக்கிறீர்கள், உங்களுக்கு நான் விளக்க வேண்டுமா?

இவற்றையெல்லாம் சொன்னதற்கு நான் வருந்தவில்லை. நான் வருந்துவது...

யாரப்பா அது, கடைசி வரிசையில்? என்ன கேட்கிறீர்கள்? “அண்ணே, அந்தக் குளம் டயலாக் ஒருவாட்டி சொல்லுங்கண்ணே”யா?

கைதட்ட வேண்டாம் தம்பி, தயவுசெய்து வேண்டாம். அந்த ஒரு வரியால்தான் ஊர் என்னை அறிந்தது. அந்த ஒரு வரியால்தான் இன்று கூனிக்குறுகி நிற்கிறேன். “குளம் இருக்குது, தண்ணி இருக்குது, படி இருக்குது. ஆட்டம் எங்கப்பா இருக்குது?” இதுதானே? கல்யாண வீட்டில் சொல்கிறார்கள், டீக்கடையில் சொல்கிறார்கள். யாரைப் பற்றிச் சொன்னது என்று எவருக்காவது நினைவிருக்கிறதா?

சங்கரி என்று ஒரு பெண். இதோ, பக்கத்தில் செவிலிமேட்டுக்காரர். பகலெல்லாம் வேலைக்குப் போய் வந்து, மிச்சப்பட்ட நேரத்தில் மூன்று ஆண்டு உழைத்துத் தனியொருத்தியாக ஓர் ஆட்டம் செய்தார். ‘அடிநீர்’ என்று பெயர். துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை. ஒரு குளம், நாற்பது படி. நாளுக்கு ஒரு முறைதான் உள்ளே போகலாம். ஒரு படியைப் பெருக்கி ஒரு விளக்கு ஏற்றினால், குளம் ஒரே ஒரு கேள்வி கேட்கும்: ‘இன்று சொல்லாமல் விட்டது என்ன?’ பதிலை எழுதினால் அது தண்ணீரில் மூழ்கிப்போகும். அன்றைய ஆட்டம் அவ்வளவுதான்.

நான் என்ன செய்தேன்? ஒரே ஒரு நாள் போனேன். கேள்விக்கு ‘ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். வெளியே வந்து கேமராவுக்கு முன் உட்கார்ந்து, எதுகை மோனையோடு எள்ளி நகையாடினேன். “நாப்பது படியாம், நாப்பது நொடியே தாங்கலப்பா! குளத்தில் ஒன்றுமில்லை!” என்றேன். நான்கு லட்சம் பேர் பார்த்தார்கள், பார்த்தவர்கள் சிரித்தார்கள், சிரித்தவர்கள் போய் ஒற்றை நட்சத்திரம் குத்தினார்கள். என் வீடியோ வந்த இருபத்தோராம் நாள் அந்த ஆட்டம் ஆப் கடையிலிருந்து காணாமல் போனது. நான் அதைக் கவனிக்கக்கூட இல்லை.

சில மாதம் கழித்து, முழங்கால் வலிக்கு ஊசி போட ஒரு மருத்துவமனைக்குப் போனேன். கீர்த்தி என்ற செவிலியர் என் முகத்தைப் பார்த்தார், ஊசியைப் பார்த்தார், மறுபடி என் முகத்தைப் பார்த்தார்.

“நீங்கதானேண்ணா அந்தக் குளத்தைத் திட்டுனவரு? நாப்பதாவது நாள் பாத்தீங்களா?”

“பார்க்கலையேம்மா. நாற்பதாம் நாள் என்ன?”

ஊசியைக் குத்திவிட்டுத்தான் பதில் சொன்னார். அதுவும் நியாயம்தான்! “கடையில எடுத்தாலும் என் போன்ல இருந்துச்சுண்ணா. தெனம் போய்க்கினே இருந்தேன்” என்று போனைத் திறந்து காட்டினார்.

குளத்தில் நீர் வடிந்திருந்தது. நாற்பது படியிலும் நாற்பது விளக்கு. ஒவ்வொரு விளக்கின் கீழும் அவர் நாற்பது நாளாக மூழ்கடித்த வார்த்தைகள், எழுத்துப் பிழையோடு, அப்படியே எழுந்து நின்றன. அவர் அனுமதியோடு சிலவற்றைச் சொல்கிறேன். ‘பயமா இருக்குது.’ ‘டாக்டர் சார், தப்பு உங்க மேல.’ ‘லீவு வேணும்.’ ‘ஏழாம் நம்பர் பெட் பாட்டி போனப்ப நானும் அழுதேன்.’ கடைசிப் படியில், ‘அம்மா, நான் நல்லா இல்ல.’

“இதைப் பாத்த அன்னிக்குத்தான் அம்மாவுக்குப் போன் போட்டு எல்லாம் சொன்னேண்ணா” என்றார் கீர்த்தி.

அவையோரே! வேறு ஊரில் பிறந்த ஒருவன் அந்தக் குளத்தைப் புரிந்துகொள்ளாவிட்டால் மன்னிக்கலாம். நான் எந்த ஊர்க்காரன்? நாற்பது ஆண்டு நீருக்கடியில் பள்ளிகொண்ட அத்திவரதர் எழுந்தருளியபோது, ஒன்பது மணி நேரம் வரிசையில் நின்று, செருப்பைத் தொலைத்து, ஒரு நொடி தரிசித்து உருகியவன் நான்! நாற்பது என்றால் என்ன என்று எனக்கா தெரியாது? குளமென்றால் காத்திருக்க வேண்டும் என்று காஞ்சிபுரத்துக்காரனுக்கா எடுத்துச் சொல்ல வேண்டும்? நாற்பது ஆண்டை நம்பிய எனக்கு நாற்பது நாளை நம்பத் தெரியவில்லையே! குளத்தில் ஒன்றுமில்லை என்றேனே, அதில் ‘ஒன்றுமில்லை’ என்று எழுதிப் போட்டவனே நான்தானே!

செவிலிமேட்டுக்கு ஓடினேன். சங்கரி கதவைத் திறந்தார். உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். எனக்கு அது இன்னும் வலித்தது.

“ஆட்டத்தைத் திரும்பக் கடையில் போடும்மா. நானே ஊரெல்லாம் சொல்றேன்” என்றேன்.

“எல்லாத்தையும் அழிச்சிட்டேண்ணா. மூணு வருஷ ஃபைலும் போச்சு. இப்ப ஸ்ரீபெரும்புதூர்ல வேலைக்குப் போய்க்கினு இருக்கேன்.”

“என் ஒரு வீடியோவுக்காகவா?”

“ஊரே திட்டுச்சுண்ணா, அது வலிக்கல. வேற யாருக்குப் புரியலன்னாலும் காஞ்சிபுரத்துக்காரரு, உங்களுக்குப் புரியும்னு நம்பிக்கினு இருந்தேன். அதான் தாங்க முடியல.”

எழுந்தேன். வாசலுக்கு வந்தேன், செருப்பை மாட்டினேன், பேருந்து ஏறினேன். சொல்ல வேண்டிய ஒரு சொல்லைச் சொல்லவில்லை.

இன்று அந்த ஆட்டம் உலகத்திலேயே கீர்த்தியின் பழைய போனில் மட்டும் இருக்கிறது. அந்த போன் கெட்டால் குளமும் போய்விடும். எந்தக் கைதேர்ந்தவராலும் அதை மறுபடி செய்ய முடியாது. குறை சொல்ல எனக்கு உரிமை உண்டு. காத்திருக்காமல் குறை சொல்ல எவனுக்கும் உரிமை இல்லை. தம்பிகளே, தங்கைகளே, நாளை நீங்களும் விமர்சிப்பீர்கள். விளாசுங்கள், வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஒரு படியில் நின்றுகொண்டு நாற்பது படிக்கும் தீர்ப்பு எழுதாதீர்கள்.

தலைவர் அவர்களே, சால்வை அழகாக இருக்கிறது. அது என் தோளுக்கு வேண்டாம். கேடயமும் வேண்டாம். கீர்த்தி இங்கேதான் இருக்கிறார். நாற்பது நாள் காத்திருந்து பார்த்தவர் அவர், விமர்சகர் என்ற பெயர் அவருக்கே பொருந்தும். சங்கரி இங்கே இல்லை. இந்நேரம் வேலையில் இருப்பார். இந்தப் பேச்சை யாரேனும் பதிவு செய்துகொண்டிருந்தால், என் பழைய வரியை அனுப்பிய அதே வேகத்தில் இதையும் அனுப்புங்கள்.

‘இன்று சொல்லாமல் விட்டது என்ன?’ என்று உன் குளம் என்னைக் கேட்டது, சங்கரி. அன்று பொய் எழுதினேன். இப்போது சொல்கிறேன்: தப்பு என் மேலதாம்மா. என்னை மன்னிச்சிடு.

இவ்வளவு நேரம் பொறுமையாகக் கேட்ட அவைக்கு, அந்தப் பொறுமை அன்று எனக்கு இல்லாமல் போன வெட்கத்தோடு, நன்றி சொல்லி அமர்கிறேன். வணக்கம்.